கிக்கர் திருப்பி அடித்தால் குறை காலிலா, டைமிங்கிலா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ கட்டி முடித்த 1969 ட்ரையம்ஃப் 650 சாப்பர் (ஃபிரேமை வெட்டி, முன்பக்கத்தை நீட்டி மாற்றிக் கட்டிய வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஒற்றை கார்புரேட்டர், பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டெயில் ஃபிரேம், நீட்டிய ஃபோர்க். செல்ஃப் கிடையாது, முன்சக்கரத்தில் பிரேக்கும் கிடையாது. ஒரு நாள் இரண்டாவது உதையில் கிளம்புகிறது, இன்னொரு நாள் முப்பது உதைக்கும் மசிவதில்லை. போன வாரம் அப்படி உதைத்துக் களைத்திருந்த நேரத்தில் கிக்கர் திருப்பி அடித்து, கணுக்கால் வீங்கிவிட்டது. 58 கிலோ எடையுள்ள ஆளுக்கு இந்த வண்டி ஒத்துவராதா, இதை தினமும் ஓட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். எடையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், குறை உங்களிடமா வண்டியிடமா என்பதுதான் உங்களை அரிக்கிற விஷயம் என்று படுகிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் பல வருடங்களாக என் தொழில். பெரும்பங்கு குறை வண்டியிடம்தான். உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கணுக்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காக அதே காலால் உதைக்க ஆரம்பிக்காதீர்கள். எலும்பில் கீறல் இருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். எப்படியும் வண்டியில் வேலை இருக்கிறது, அதுவரை காலுக்கு ஓய்வு கிடைக்கும்.

கிக்கர் ஏன் திருப்பி அடிக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பிஸ்டன் உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை எரிந்து, மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க் பின்னோக்கிச் சுற்றுகிறது, கிக்கர் உங்கள் காலை நோக்கி வருகிறது. அந்த விசையை, கலவையை ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கும் இன்ஜின் (ஒன்பதுக்கு ஒன்று கம்ப்ரஷன்) கொடுக்கிறது. 58 கிலோ ஆளானாலும் 98 கிலோ ஆளானாலும் அதை எதிர்த்து நிற்க முடியாது. உங்கள் வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த டைமிங், அதாவது ஸ்பார்க் விழ வேண்டிய நேரம், முழு அட்வான்ஸில் (ஸ்பார்க் அதிகபட்சமாக முந்தி விழும் நிலையில்) பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு கிராங்க் சுற்றில் 38 டிகிரி முன்னால். அது இன்ஜின் வேகமாக ஓடும்போது. உதைக்கும் நேரத்தில் ஸ்பார்க் ஏறத்தாழ 14 டிகிரிக்குப் பின்வாங்கியிருக்க வேண்டும். இடையில் உள்ள 24 டிகிரியைப் பார்த்துக்கொள்வது பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சுவிட்ச்) தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அட்வான்ஸ் யூனிட். இரண்டு சின்ன எடைகள், இரண்டு மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கு மேலான அந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து எடைகளைப் பிடித்துக்கொண்டாலோ, நீங்கள் மெதுவாக உதைக்கும்போதே ஸ்பார்க் 30 டிகிரி, 38 டிகிரி என்று முன்னால் போய்விடும். அப்புறம் அந்த வண்டியை யார் உதைத்தாலும் அடிதான்.

அதனால் வலது பக்கத்தில் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பாயிண்ட் இருந்தால், அதன் கேமைக் கையால் திருப்பிவிட்டு விடுங்கள். தானாகவே டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தாலோ பாதியில் நின்றாலோ உங்கள் கணுக்காலை அடித்தது யார் என்று தெரிந்துவிட்டது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட் என்பதால் இரண்டையும் தனித்தனியாக டைமிங் செய்ய வேண்டும். ஒன்று சரியாகவும் மற்றது முன்னாலும் இருந்தால், பத்து முறை சாதுவாகக் கிளம்பும் வண்டி பதினோராவது முறை கடிக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது டைமிங்கைப் பார்ப்பதோடு விடாமல், ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் ஸ்ட்ரோப் லைட் வைத்து, இன்ஜினை 3000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோய் 38 டிகிரி அடையாளத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. ஸ்ட்ரோப் லைட் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

மூடிக்குள் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் தட்டு இருந்தால் கதை கொஞ்சம் மாறும். பழைய வகை எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிகள் சில, பேட்டரி வோல்ட் இறங்கினால் தடுமாறிக் கண்ட நேரத்தில் ஸ்பார்க் விடும். பாயிண்ட் இருக்கும் வண்டியில் பேட்டரி வீக்காக இருந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளில் வீக் பேட்டரி காலையும் உடைக்கும். ‘சில நாள் கிளம்புகிறது, சில நாள் இல்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு முதலில் பேட்டரி ஞாபகம்தான் வந்தது. சாப்பர் கட்டுகிறவர்களுக்குப் பேட்டரி கண்ணில் படக் கூடாது. கையளவு பேட்டரியை ஆயில் டேங்குக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள், அல்லது பேட்டரியே இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை மாட்டிவிடுவார்கள். கெப்பாசிட்டரில் வண்டி ஓடும், பொய்யில்லை. ஆனால் உதையில் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் ஸ்பார்க்குக்கான கரண்டையும் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாம் கச்சிதமாக இருக்கும் வண்டிக்குத்தான் அது சரிப்படும். எலக்ட்ரானிக் பெட்டியையும் கெப்பாசிட்டரையும் சேர்த்துப் போட்டிருந்தால் நான் முதல் வேலையாக ஒரு முறையான பேட்டரிக்கு மாற்றுவேன்.

பேட்டரியைத் தொடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை ஃபிரேமோடு இணைந்திருக்கும். கட்டியவர் அதை அப்படியே விட்டாரா, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாரா என்று ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள். மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையரும் எலக்ட்ரானிக் பெட்டியும் நொடியில் போய்விடும். அதோடு, பெயின்ட் அடித்த, பவுடர் கோட்டிங் செய்த புது ஃபிரேம்களில் எர்த் சரியாகப் பிடிக்காது. பெயின்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். இன்ஜினிலிருந்து நேராகப் பேட்டரிக்குத் தடித்த எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். காரணமே புரியாமல் வந்து போகும் பல கோளாறுகள் இந்த ஒரு ஒயரில் தீர்ந்திருக்கின்றன.

அடுத்தது கார்புரேட்டர். இங்கே நான் ஊகிக்கத்தான் முடியும், ஏனென்றால் கட்டியவர் எதை மாட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வருட வண்டியில் வந்தது அமால் கான்சென்ட்ரிக். இன்னும் அதுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் பைலட் துளை (கிளம்பவும் ஐடிலிங்குக்கும் பெட்ரோல் கொடுக்கும் துளை) அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சில வாரம் பெட்ரோல் நின்று காய்ந்தால் பிசின் படிந்து அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் தொல்லை கொஞ்சம் கூடுதல். பைலட் அடைத்தால் வண்டி ஓடும், ஆனால் கிளம்பாது, ஐடிலிங் நிற்காது. இதைச் சரிசெய்யாமல் ஐடிலிங் ஸ்குருவை ஏற்றி ஏற்றி ஓட்டுவார்கள். அதே போல கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் காற்று கசிந்தால் கலவை மெலிந்து, கிளம்புவதும் கஷ்டம், திருப்பி அடிக்கும் வாய்ப்பும் கூடும். ஐடிலிங்கில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பாருங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சைலன்சர் சூடாக இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம், தீப்பிடிக்கும்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். முப்பது உதை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். சரியாக இருக்கும் ட்ரையம்ஃப் ட்வின் (இரட்டை சிலிண்டர் வண்டி) இன்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டு மூன்று உதையில் கிளம்ப வேண்டும். ஐந்தாறுக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்தாவது உதைக்கு மேல் கால் களைத்து, உதை பாதியாகிவிடும். பாதி உதையில் கிராங்க் மெதுவாகச் சுற்றும். அப்போது 14 டிகிரி என்ற சரியான டைமிங்கே கூட பிஸ்டனைத் திருப்பித் தள்ளப் போதுமானது. களைத்த நேரத்தில் அடி வாங்கினேன் என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே பொருந்துகிறது. அட்வான்ஸ் யூனிட்டும் கெட்டிருந்ததா, பாதி உதை மட்டும்தான் காரணமா என்பதை இங்கிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உதைப்பதற்கு முன் சில சடங்குகள் உண்டு. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை அழுத்துங்கள், ஆயிலில் ஒட்டிக்கிடக்கும் கிளட்ச் தட்டுகள் விடுபடும். இல்லாவிட்டால் முதல் கியர் போடும்போது வண்டி துள்ளும். பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் டிக்லரை (பெட்ரோலைப் பெருக்கும் சின்னப் பொத்தான்) விரலில் ஈரம் படும் வரை அழுத்துங்கள். ஒழுகி இன்ஜின் மேல் ஓடும் அளவுக்கு வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்யாமல் இரண்டு உதை மெதுவாக உதைத்துக் கலவையை உள்ளே இழுங்கள். அப்புறம் இக்னிஷன் ஆன். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும், அதுதான் கம்ப்ரஷன். அதைச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிடுங்கள். உயரமான படியில் ஏறுவது போல எழுந்து நின்று, உங்கள் எடை முழுவதையும் கிக்கரின் அடி வரை கொண்டுபோங்கள். வேகமான குத்து வேண்டாம், நீண்ட ஒரே ஓட்டம் வேண்டும். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கட்டும். விரல் நுனியில் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதியில் மிதியுங்கள். கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் இல்லாமல் உதைக்கவே கூடாது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அதன் மேல் எடையைப் போட்டும் உதைக்காதீர்கள், சாப்பர்களில் அதை வெல்டிங் செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது.

முழங்காலை மடக்கி வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த வண்டியில் உதை கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் கிராங்குக்குப் போகிறது. கிளட்ச் வழுக்கினாலோ கிக்கரைக் கியரோடு பிடிக்கும் ராட்செட் பல் தேய்ந்திருந்தாலோ, எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் சடாரென்று கீழே போகும். விறைத்த முழங்கால் அப்போது பின்பக்கமாக வளையும். திருப்பி அடிப்பதைவிட மோசமான காயம் அது. ஒரு முறை வழுக்கினாலும் அதைச் சரிசெய்யும் வரை உதைப்பதை நிறுத்துங்கள்.

வண்டி சில வாரம் நின்றிருந்து, உதை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் கிராங்க் அறைக்குள் ஆயில் இறங்கியிருக்கும். ஆயில் பம்ப்பின் வால்வு குண்டு சரியாக உட்காராததால் டேங்கிலிருந்து மெல்லக் கசியும். கீழே உள்ள பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு உதையுங்கள். வடிக்காமல் கிளப்பினால் தெருவே புகையாகும்.

பெட்ரோல் ஓவராகிப் பிளக் நனைந்துவிட்டால் இக்னிஷனை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து ஏழெட்டு முறை உதைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். பிறகு டிக்லரைத் தொடாமல் முயலுங்கள். சூடான இன்ஜினுக்கும் டிக்லர் வேண்டாம். ஆறிய இன்ஜினில் நன்றாகக் கிளம்பி, ஓடிச் சூடான பிறகு மட்டும் மறுத்தால், பாயிண்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், மலிவான பொருள், அடிக்கடி அதுதான் குற்றவாளி.

எடை விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கு செல்ஃப் வந்ததே 1965இல்தான். ட்ரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு 1980 வரை இல்லை. அதுவரை ஒல்லி, குண்டு எல்லாரும் உதைத்துத்தான் ஓட்டினார்கள். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்குக்கூட பலத்தைவிடப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பழைய புல்லட்டில் இக்னிஷனை ஆன் செய்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து உச்சியைத் தாண்டவிட்டு உதைப்பார்கள். 1978இல் வந்த யமஹா எஸ்ஆர் 500இல் அதற்கென்றே சிலிண்டர் ஹெட்டில் சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். ஹார்லியில் இரண்டு சிலிண்டரும் 45 டிகிரி கோணத்தில் 'வி' வடிவில் இருப்பதால் ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 315 டிகிரி, 405 டிகிரி என்று மாறி மாறி வரும். எந்த சிலிண்டரின் கம்ப்ரஷனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஹார்லி ஓட்டுகிறவர்களுக்குள் முடியாத சண்டை உண்டு. அதில் எது சரி என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் ட்ரையம்ஃபில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி இறங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்ப்ரஷன், அதனால் இந்தக் குழப்பம் இல்லை. செல்ஃப் மாட்டிவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால், டைமிங் தவறான இன்ஜின் செல்ஃபின் கிளட்ச்சையும் உடைக்கும் என்று சொல்லுங்கள்.

தினமும் ஓட்டலாமா என்ற கேள்விக்கு, இப்போதிருக்கும் நிலையில் வேண்டாம் என்பேன். ஸ்டார்ட் ஆகும் பிரச்சினைக்காக அல்ல, பிரேக்குக்காக. வண்டியை நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறும், அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன்பிரேக்தான் செய்யும். நீளமான சாப்பரில் எடை பின்னால் சற்று அதிகம் என்பதால் பின்பிரேக் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். அதை வைத்து முன்பிரேக்கே தேவையில்லை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்த வருட ட்ரையம்ஃபில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கட்டியவர் அதை மாற்றாமல் விட்டிருந்தால், இடதுகால் கியருக்குப் பழகிய நீங்கள் அவசரத்தில் வலது காலை மிதிப்பீர்கள். மிதிபடுவது கியர் லீவர். முன்பிரேக்கும் இல்லை என்றால் அந்த நொடியில் உங்களிடம் பிரேக்கே இல்லை. முன்சக்கரத்துக்கு ஒரு நல்ல பிரேக்கை மாட்டுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

நீட்டிய ஃபோர்க்கில் பார்க்க வேண்டியது அதன் நீளத்தைவிட டிரெயில். ஹேண்டில்பார் கழுத்தின் சாய்வை அப்படியே தரை வரை நீட்டினால் ஒரு புள்ளி கிடைக்கும், முன் ஆக்ஸிலிலிருந்து நேர்கீழாகத் தூக்குக்குண்டு விட்டால் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடைவெளிதான் டிரெயில். சாதாரண சாலை வண்டிகளில் பெரும்பாலும் 80 முதல் 120 மில்லிமீட்டர் இருக்கும். மிக அதிகமானால் மெதுவாகத் திரும்பும்போது சக்கரம் ஒரு பக்கமாக விழப் பார்க்கும், கை வலிக்கும், ஆனால் ஓட்டிவிடலாம். மிகக் குறைவானால் வேகத்தில் ஹேண்டில் உதறும், அது ஆபத்து. ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்பையே சாய்த்துச் செய்திருந்தால் டிரெயில் குறையும், எனவே உங்கள் வண்டியில் அது அப்படி இருக்கிறதா என்று பார்த்து, அளந்து எழுதி வையுங்கள்.

ஹார்டெயிலில் பின்சக்கர டயர்தான் சஸ்பென்ஷன். குண்டு குழியைக் கண்டால் சீட்டிலிருந்து சற்று எழுந்துகொள்ளப் பழகுங்கள், முதுகெலும்பு உங்களுடையது. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஆடுவதால் அதிர்வு அதிகம், போல்ட் கழலும், பல்ப் இழை அறும், டேங்க் தாங்கிகளில் விரிசல் விடும். வாரம் ஒருமுறை ஸ்பேனரோடு சுற்றி வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஆல்டர்னேட்டர் சுமார் 120 வாட்தான். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஐடிலிங்கில் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதாவது நெரிசலில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள் காலை வண்டி கிளம்ப மறுத்தால், உங்கள் ‘சில நாள்’ புதிருக்கு விடை அதுவாகவே இருக்கலாம். எல்ஈடி விளக்குக்கு மாறினால் இந்தச் சுமை நன்றாகக் குறையும்.

எனவே வட்ட மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு இரவு சும்மா நின்ற பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். இக்னிஷன் ஆன் செய்ததும் அது எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பாத நாளில் இரண்டு பிளக்கையும் கழற்றி, ஈரமா உலர்ந்ததா என்று பாருங்கள். இரண்டும் ஈரம் என்றால் ஸ்பார்க் பக்கம் தேடலாம், இரண்டும் உலர்ந்திருந்தால் பைலட் துளை. ஒன்று மட்டும் ஈரம் என்றால் அந்தப் பக்கத்துப் பாயிண்டிலும் காயிலிலும் ஆரம்பியுங்கள். இந்த விவரங்களோடு எழுதினால் இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியும்.